மே மாதத்து ஈழமும் மற்றைய பதினொரு மாதங்களும்

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் பேருந்தில் ஏறித் தண்டலத்தைக் கடந்து செல்வோர், ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் இருவகைச் சுவரொட்டிகளைக் காணலாம். ஒன்று மே 18ஆம் நாளுக்குரியது, முள்ளிவாய்க்கால் நினைவேந்தல். மற்றது மே 21ஆம் நாளுக்குரியது. ராஜீவ் காந்தி நினைவு நாள். இரண்டுக்கும் இடையே மூன்றே நாட்கள். சுவர் இடம் போதாமற் போகும்போது ஒன்றன்மேல் மற்றொன்றை ஒட்டிவிடுவதும் உண்டு. மாதம் முடிவதற்குள் இரண்டையும் ஆடுமாடுகள் தின்றுவிடுகின்றன. அதன்பின் அடுத்த மே மாதம் வரை இந்த நெடுஞ்சாலையில் இலங்கை என்ற சொல்லை நாம் காண்பதில்லை.

ஈழத்தைப் பற்றித் தமிழகம் கொண்டிருக்கும் அக்கறைக்கு இச்சுவரைவிடச் சரியான சான்று வேறில்லை. மே மாதத்தில் நாம் அழுகிறோம், சபதம் ஏற்கிறோம், துரோகிகளைப் பட்டியலிடுகிறோம். இலக்கியக் கூட்டங்களில் கவிதை வாசிக்கிறோம். மற்றைய பதினொரு மாதங்களில், அம்மக்களின் வாழ்வு நம் அலுவலகங்களையும் நம் கடலையும் நம் புத்தக அலமாரிகளையும் தொடும் இடங்களில், நம் நடத்தை என்ன? இக்கட்டுரை அதைப் பற்றியது. இலங்கையில் அமைதி மலர்வதற்கான முதற்பொறுப்பு கொழும்பினுடையது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் அவ்வமைதியின் சில பகுதிகள் தமிழகத்தின் கையில் இருக்கின்றன. நம்மால் செய்ய இயலாதவற்றை உரத்த குரலிற் பேசிக்கொண்டு, செய்ய இயன்றவற்றை நாம் செய்யாமலே இருக்கிறோம் என்பதே நம் குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டிலிருந்து இதை எழுதுவோரும் விலக்குப் பெறவில்லை.

1

முதலில், 'போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி என்ன அமைதிப் பேச்சு' என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். 2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இறுதிக் கட்டத்தில் மட்டும் நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் கூறியது. அந்த இறப்புகளுக்கு இன்றுவரை எவரும் பொறுப்பேற்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது; அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2017 பிப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சியில் தாய்மார்கள் தெருவோரத்தில் அமர்ந்துவிட்டார்கள். தம் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே? விடை பெறாமலே அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

1979இல் தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதை நீக்குவதாக அடுத்தடுத்து வந்த அரசுகள் வாக்களித்தன; வாக்களித்தவர்களே அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். 1987ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் பயனாக வந்த பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. காணி அதிகாரமும் காவல் அதிகாரமும் தாளில் மட்டும் தங்கிவிட்டன. அந்தச் சபைகளுக்கேனும் தேர்தல் நடக்கிறதா என்றால், 2014க்குப் பின் நாட்டின் எந்த மாகாணத்திலும் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. 2025ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டிய குழிகளிலிருந்து 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு நீலநிறப் பள்ளிப் பையும் இருந்தது. மண்ணுக்கடியில் இவ்வளவு இருக்கும்போது மேலே நிலவுவதை அமைதி என அழைப்பதற்கு, சுற்றுலாத் துறை விளம்பரம் எழுதுவோருக்கு மட்டுமே துணிவு வரும்.

2

மறுமுனையில் இன்னொரு கூட்டம் உண்டு. 'சிங்களவனோடு அமைதி என்பது நடவாத காரியம். உடன்படிக்கைகள் எல்லாம் கிழிபடவே எழுதப்பட்டவை' என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்துக்கு வரலாற்றில் வலுவான ஆதாரங்கள் உள்ளன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம், பிரதேச சபைகளையும் தமிழுக்கு ஓரளவு நிர்வாக இடத்தையும் தர முன்வந்தது. ஜே.ஆர். ஜயவர்த்தன அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் இல்லத்தின்முன் அமர்ந்து ஒப்பந்தத்தைக் கைவிடச் செய்தார்கள். 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செல்வநாயகம் செய்துகொண்ட ஒப்பந்தமும் அதே வழியிற் போயிற்று. எதிர்க்கட்சியாக இருப்போர் எதிர்ப்பதும், ஆளுங்கட்சியாக இருப்போர் அஞ்சிப் பின்வாங்குவதுமாகத் தெற்கின் இரு பெருங்கட்சிகளும் மாறிமாறி ஒரே நாடகத்தை நடித்தன. பேச்சு தோற்ற இடத்தில் துப்பாக்கி நுழைந்தது.

ஆயினும் இவ்வரலாற்றைச் சொல்பவர்கள் 1987க்கு வந்ததும் வேகமாகத் தாண்டிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். தாண்டாமல் நின்று பார்ப்போம். பிரேமதாசாவோடு விடுதலைப் புலிகள் 1989இல் தொடங்கிய பேச்சு 1990 ஜூனில் முறிந்தபோது, கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான காவலர்கள் கொல்லப்பட்டார்கள். 2002 பிப்ரவரி 22இல் நார்வேயின் நடுநிலையோடு போர்நிறுத்த உடன்பாடு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஒஸ்லோவில், கூட்டாட்சி அடிப்படையில் ஒரு தீர்வை ஆராய்வதென இருதரப்பும் இசைந்தன. அரை நூற்றாண்டுக் காலத்தில் கொழும்பு அதற்கு இணையான ஒன்றுக்கு இசைந்ததில்லை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். 2005 நவம்பர் குடியரசுத் தலைவர் தேர்தலில் வடக்கின் மக்கள் வாக்களிக்காதவாறு தடுக்கப்பட்டார்கள். மகிந்த ராஜபக்ச இரண்டு இலட்சத்துக்கும் குறைவான வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அந்த வெற்றி எங்கு கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அறிய நமக்கு வரலாற்று நூல் தேவையில்லை.

இதைச் சொல்வதால் கொன்றவனின் பழி குறைந்துவிடாது. பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்தில் குண்டு வீசியது இலங்கை அரசு. அந்தப் பழி அதனுடையது. நாம் சொல்ல வருவது வேறு: அமைதிக்கான வாயில்கள் சில முறை திறந்தன, அவற்றை மூடியவர்களுள் நம்மவர்களும் இருந்தார்கள். திறந்தே இராத வாயிலைத் தட்டுவது வீண் என்று நினைக்கலாம். திறந்து மூடிய வாயிலை அப்படி விட்டுவிட இயலாது.

3

இன்றைய நிலை என்ன? 2022இல் பொருளாதாரம் நிலைகுலைந்தபோது கொழும்பு காலிமுகத்திடலில் சிங்கள இளைஞர்கள் திரண்டு, ஜூலையில் கோத்தபய ராஜபக்சவை நாட்டைவிட்டே ஓடச் செய்தார்கள். அந்தத் திடலில், அவ்வாண்டு மே 18ஆம் நாள், முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. அதற்கு முன் கொழும்பின் நடுவில் அப்படியொன்று நடக்குமென எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க குடியரசுத் தலைவரானார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 159 இடங்களைப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று அக்கட்சிக்கே கிடைத்தன. தெற்கை மையமாகக் கொண்ட ஒரு கட்சிக்கு யாழ்ப்பாணம் முதலிடம் தந்ததைத் தமிழகத்தில் பலர் துரோகம் என்று எழுதினார்கள். பசியும் சலிப்பும் ஊழல் வெறுப்பும் அங்குள்ள தமிழருக்கும் உண்டு என்பதை இவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

எச்சரிக்கையும் தேவைதான். திசாநாயக்கவின் தாய்க்கட்சியான ஜனதா விமுக்தி பெரமுன, 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய கட்சி. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி நீதிமன்றம் சென்று 2006இல் வென்றதும் அக்கட்சியே. அதன் ஆட்சியில், 2025 மார்ச்சில், வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணியை அரசுடைமையாக்க வழிசெய்யும் அரசிதழ் அறிவிப்பு வந்தது. மக்கள் எதிர்த்தார்கள், உச்சநீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. மே மாத உள்ளாட்சித் தேர்தலில் வடக்கு மீண்டும் தமிழரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்தது. வாக்களித்தும் வாக்கை மீளப் பெற்றும் அம்மக்கள் அரசியல் செய்கிறார்கள். அது நம் மேடைப் பேச்சை விட நிதானமானதாகவே தெரிகிறது.

அந்தக் கட்சிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அதிற்றான் நாம் நம்பிக்கையின் ஒரு இழையைக் காண்கிறோம். 1987–89 காலத்தில் தெற்கில் இதே அரசு பல்லாயிரம் சிங்கள இளைஞர்களைக் காணாமல் ஆக்கியது. எம்பிலிப்பிட்டியவில் பள்ளி மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமற் போனார்கள். 1999இல் நீதிமன்றம் அதற்காக ஒரு பள்ளி முதல்வரையும் இராணுவத்தினர் சிலரையும் தண்டித்தது. அதாவது, இன்று ஆளுவோரின் தோழர்களுடைய தாய்மாரும் கிளிநொச்சித் தாயின் அதே கேள்வியைக் கேட்டவர்கள். இரு தாய்மாரையும் ஒரே திண்ணையில் அமரவைக்கக்கூடிய அரசியல் இன்னும் பிறக்கவில்லை. அதற்கான மண் இருக்கிறது. மற்றவரைச் சபிப்பதை மட்டுமே அரசியலாகக் கொண்ட தமிழகத்து மேடைகள் அந்த மண்ணை ஒருபோதும் பார்த்ததில்லை.

4

இனி நம் பக்கம் திரும்புவோம்.

தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை விரிந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளுக்கு ஆள் எடுக்க இப்பகுதிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் வளாக நேர்காணல் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் எல்லாச் சுற்றிலும் தேறினான். ஆறு மாதப் பயிற்சி வெளிநாட்டில். கடவுச்சீட்டின் நகலைக் கேட்டார்கள். அவனிடம் இல்லை, விண்ணப்பிக்கவும் வழியில்லை. அவன் அகதி முகாமிற் பிறந்தவன். அவன் தாயும் சிறுமியாக வந்து முகாமில் வளர்ந்தவர். இலங்கையை அவன் படத்திற்றான் பார்த்திருக்கிறான். "ஓட்டுநர் உரிமம் காட்டினால் போதுமா என்று கேட்டுப் பார்த்தேன் ஐயா, போதாதாம்" என்று வந்து சொன்னான். அந்த மே மாதத்தில் நம் கல்லூரியில் ஈழ நினைவுக் கூட்டம் நடந்தது, நாம் உரையாற்றினோம். அவன் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தான். நம் உரையில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பது வீடு திரும்பும் வழியிற்றான் நமக்கு உறைத்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களையும் அவர்தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தமிழகம் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வைத்திருக்கிறது. 2021இன் கணக்குப்படி முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். வெளியில் பதிவு செய்து வாழ்வோர் ஏறத்தாழ 34,000 பேர். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதி முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 7,469 வீடுகள் கட்டித்தர நிதி ஒதுக்கியது. நல்ல செயல், பாராட்டத்தான் வேண்டும். பெயர் மாறிற்று, கூரை மாறிற்று; குடியுரிமை வரவில்லை. 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவிற் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராக இருந்தாலொழியப் பிறப்புவழிக் குடியுரிமை இல்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2025 மே மாதத்தில் ஓர் ஈழத்தமிழரின் மனுவைத் தள்ளிய உச்சநீதிமன்றம், உலகெங்கிலுமிருந்து வருவோரைத் தங்கவைக்க இந்தியா சத்திரமா எனக் கேட்டது. செப்டம்பரில் ஒன்றிய அரசு ஒரு சிறு கதவைத் திறந்தது: 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது, கடவுச்சீட்டு இல்லாமைக்காகத் தண்டனை நடவடிக்கை இராது. தண்டனை இல்லை என்பது ஒன்று, குடிமகன் என்பது மற்றொன்று. நாற்பது ஆண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்தது முதலாவது மட்டுமே.

இவர்களுட் கணிசமானோர் மலையகத் தமிழர் என்பதையும் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழிவந்தோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுமந்தையைப் பிரிப்பதற்கும் இதைவிடக் கவனம் செலுத்துவார்கள். அப்பங்கீட்டின் விளிம்பில் விழுந்து, பின்பு கலவரத்தில் ஓடி வந்தவர்கள் இன்றும் நம் முகாம்களில் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்ற தலைப்பின்கீழ் வாழ்கிறார்கள்.

இதற்கும் இலங்கையின் அமைதிக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. நாடு திரும்ப விரும்பும் ஒருவர், திரும்பிச் சென்று பார்த்து, வாழ முடியாவிடில் மீண்டும் வர இயலும் என்ற உறுதி இருந்தாற்றான் துணிந்து திரும்புவார். இங்கு குடியுரிமை இல்லாதவருக்கு அது ஒருவழிப் பயணம். காணியை மீட்கவும், வழக்கில் சாட்சி சொல்லவும், காணாமற் போன தமையனைத் தேடி அலுவலகப் படியேறவும் அவரால் போய்வர இயலாது. இருநாட்டுக்கும் போய்வரக்கூடிய ஒரு தலைமுறையே இரு கரைகளையும் இணைக்கும். அத்தலைமுறையை நாம் மாதந்தோறும் தலையெண்ணி ஓரிடத்தில் கட்டி வைத்திருக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூரின் நிழல் இதிலிருக்கிறது என்பதையும் வெளிப்படையாகவே பேசுவோம். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியோடு மேலும் பதினான்கு பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்தை எந்த அரசியலும் சிறுமைப்படுத்தலாகாது. ஆனால் அக்கொலையைச் செய்தது ஓர் இயக்கம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் முகாம்வாசிகள். ஒரே இரவில் 'தொப்புள்கொடி உறவு' ஐயத்துக்குரிய அந்நியனாயிற்று. அந்த ஐயம் இன்னும் நம் கோப்புகளிலிருந்து நீங்கவில்லை. வழக்கில் தண்டிக்கப்பட்டு முப்பதாண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர்களை 2022இல் உச்சநீதிமன்றம் விடுவித்தது. விடுதலையான இலங்கையர் நால்வரும் சிறையிலிருந்து திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களுள் சாந்தன், தாயைப் பார்க்க ஊர் திரும்பக் காத்திருந்த நிலையிலேயே, 2024 பிப்ரவரி 28இல் இறந்தார். நீதிமன்றம் விடுவித்த ஒருவரை ஊருக்கு அனுப்ப ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றால், எந்தக் குற்றமும் செய்யாத முகாம்வாசியின் விண்ணப்பம் எத்தனை ஆண்டு கிடக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

5

அடுத்தது கடல். இதைப் பேசினால் நம் நண்பர்களிற் பலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படை நம் மீனவரைச் சுட்டிருக்கிறது, அடித்திருக்கிறது, படகுகளைப் பறித்திருக்கிறது. பல உயிர்கள் போயிருக்கின்றன. அவை மன்னிக்கத்தக்கவையல்ல, நிராயுதபாணி மீனவனைச் சுடும் உரிமையை எந்த எல்லைக்கோடும் எவருக்கும் தருவதில்லை. இதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டு, மறுகரையில் வலை வைத்திருப்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவுக் கரையோர மீனவர்கள் தமிழர்கள். போர்க்காலம் முழுதும் அவர்கள் கடலுக்குச் செல்லத் தடைகள் இருந்தன. 2009க்குப் பின் கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் சேர்த்துக் கடலில் இறங்கினார்கள். அவர்களின் வலைகளை இரவோடிரவாக அறுத்துச் செல்பவை நம் கரையிலிருந்து போகும் இழுவை மடி விசைப்படகுகள். அம்மடிகள் கடலின் அடித்தரையைச் சுரண்டுகின்றன. குஞ்சும் முட்டையும் பாசியும் ஒன்றாக வருகின்றன. நம் பக்கக் கடலை அவ்வாறு சுரண்டி முடித்ததனாற்றான் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. நம் நாட்டுப்படகு மீனவர்களே இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவர்களின் குரல் சென்னை வரை வருவதில்லை.

2017 ஜூலையில் இலங்கை, இழுவை மடி மீன்பிடிப்பைச் சட்டத்தின் மூலம் தடைசெய்தது. அச்சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் போராடியவர்கள் தமிழர் பிரதிநிதிகள். அதே ஆண்டு இந்தியா, பாக் நீரிணையின் 2,000 விசைப்படகுகளை மூன்றாண்டுகளில் ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டத்தை அறிவித்தது. அந்த இலக்கின் அருகில்கூட நாம் செல்லவில்லை. மாறாக, தேர்தல்தோறும் கச்சத்தீவு எழுந்து வருகிறது. 1974இல் கச்சத்தீவை விட்டுக்கொடுத்தது சரியா தவறா என்பது விவாதத்துக்குரியதே. ஆனால் நம் படகுகள் பிடிபடும் இடங்கள் பலவும் கச்சத்தீவைத் தாண்டி, நெடுந்தீவுக்கும் மன்னார்க் கரைக்கும் அருகில் இருக்கின்றன. நாளையே கச்சத்தீவு திரும்பக் கிடைத்தாலும் முல்லைத்தீவு மீனவனின் வலை அறுபடும். இதை அறிந்தே அரசியல்வாதிகள் பேசுகிறார்கள். அறிய விரும்பாமல் நாம் கைதட்டுகிறோம்.

விசைப்படகில் கூலிக்குப் போகும் தொழிலாளியை நாம் குற்றஞ்சாட்டவில்லை. பிடிபட்டுச் சிறைப்படுபவன் அவன். படகின் உரிமையாளர் பெரும்பாலும் கரையிலிருப்பார். அவனுக்கு மாற்றுத் தொழில் தருவது அரசின் கடன். அதைக் கேட்டு நாம் ஒரு கூட்டமேனும் போட்டதுண்டா? போரிற் பெற்றோரை இழந்த ஒரு முல்லைத்தீவு இளைஞனின் வலையை அறுப்பது தமிழனின் படகு என்னும்போது நம் இனப்பற்று எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

6

மூன்றாவது, நம் வாசிப்பு. சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு நேரடியாகத் தொடர்புடையது இது.

ஈழத்து எழுத்தை நாம் வாசிக்கும் முறையில் ஒரு கோணல் இருக்கிறது. நூலைத் திறக்குமுன் எழுதியவர் எந்தப் பக்கம் என்று கேட்கிறோம். பக்கம் தெரிந்ததும் வாசிப்பு முடிந்துவிடுகிறது; எஞ்சியது பாராட்டோ வசையோ மட்டும். ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆசிரியர். இந்திய அமைதிப்படையின் கொடுமைகளையும் இலங்கை இராணுவத்தின் கொடுமைகளையும் இயக்கங்களின் கொடுமைகளையும் ஒரே நேர்மையோடு பதிவு செய்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். 1989 செப்டம்பர் 21இல், பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். குற்றச்சாட்டு புலிகள் மீதே இருந்தது. கவிஞர் செல்வி 1991இல் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பி வரவில்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்கள் பேசிய மொழி தமிழ். புத்தளத்து முகாம்களில் அவர்கள் பல்லாண்டுகள் கிடந்தபோது, 'தொப்புள்கொடி' அவர்கள்வரை நீளவில்லை.

இவற்றைச் சொன்னால் 'எதிரிக்குத் துணைபோகிறாய்' என்பார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை நாம் ஓயாமற் பேசுகிறோம்; பேச வேண்டும். நூல்களை எரித்தவர்களைப் பழிப்பவர்கள், எழுதியவர்களைக் கொன்றதையும் பேசாதிருக்க இயலுமா? சிங்கள வாசகன் தன் அரசின் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என நாம் கோருகிறோம். சரியான கோரிக்கை. அதே நேர்மையை நம்மிடம் அவன் எதிர்பார்க்க மாட்டானா? செம்மணிக்கு நீதி கேட்கும் நாவு வடக்கு முஸ்லிம்களுக்கும் நீதி கேட்டாற்றான் அதன் சொல் கொழும்பில் எடுபடும். அங்கு நடக்க வேண்டிய உண்மை தேடலுக்கு நாம் இங்கிருந்து தரக்கூடிய பங்களிப்பு நேர்மையான வாசிப்பும், அதை அச்சில் வெளியிடும் துணிவுமே.

7

'பெருங்குற்றவாளியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரனைக் குற்றம் சொல்கிறீர்கள்' என்ற மறுப்பு எழும். அதை நாம் எளிதில் ஒதுக்கவில்லை. கொழும்பு செய்ய வேண்டியவை இன்னவை என்று மேலே சொல்லியே வந்திருக்கிறோம்: மாகாண சபைத் தேர்தல், காணி, காணாமற் போனோர் பற்றிய உண்மை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நீக்கம், குற்றம் செய்தவர்மீது விசாரணை. இவற்றைக் கோரிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நம் கோரிக்கைக்குக் கொழும்பு செவிசாய்க்கும் வரை நம் கையில் வேலையில்லை என்று கருதுவதற்குத்தான் நாம் எதிர்ப்புத் தெரிவிக்கிறோம். அநுர குமாரவின் மேசையில் இருப்பதை நம்மால் நகர்த்த இயலாது. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மேசையில் இருப்பதை நகர்த்தலாம்.

இலங்கையில் அமைதி வருமா? வரக்கூடும் என்றே நாம் கருதுகிறோம். ஒரே நாளில், ஓர் ஒப்பந்தத்தின் கையெழுத்தில் அது வராது. கையெழுத்துகளின் கதியைப் பார்த்துவிட்டோம். ஒரு காணி திரும்பக் கிடைப்பதிலும், ஓர் எலும்புக்கூட்டுக்குப் பெயர் கிடைப்பதிலும், ஒரு வலை அறுபடாமல் கரை சேர்வதிலும், முகாமிற் பிறந்த ஒருவன் தன் தாயின் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதிலும் அது சிறிது சிறிதாகச் சேரும். இந்நான்கில் பின்னிரண்டு நம் பொறுப்பு.

ஆகவே அடுத்த மே மாதத்தில் நினைவேந்தல் கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முகாம்களிற் பிறந்து வளர்ந்தோருக்குக் குடியுரிமை கோரும் தீர்மானத்தை முதல் தீர்மானமாக வையுங்கள். அதன் படியை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் நேரில் கொடுங்கள். இழுவை மடியைக் கைவிடவும் அத்தொழிலாளருக்கு மாற்றுத் தொழில் தரவும் கோரும் தீர்மானத்தை இரண்டாவதாக வையுங்கள். அக்கூட்டத்துக்கு ஒரு நாட்டுப்படகு மீனவரை அழையுங்கள். மூன்றாவதாக, புலிகளால் பாதிக்கப்பட்ட ஒரு தமிழரின், ஒரு முஸ்லிமின் எழுத்தை மேடையில் வாசியுங்கள். கூட்டம் சிறுத்துப் போகலாம். சிலர் எழுந்து போகலாம். போகட்டும்.

நம் மாணவன் இப்போது பூந்தமல்லி அருகே ஒரு கிடங்கில் பொதிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இருக்கிறான். தலையெண்ணிக்கை நாளில் விடுப்புக் கேட்டு முகாமுக்குச் செல்கிறான். அடுத்த கூட்டத்துக்கு அவனை அழைத்திருக்கிறோம். இம்முறை நாம் பேசுவதாக இல்லை.